கையை மடக்கினால்தான் கையுறை தெரியும்: வெள்ளைக் கவச வீரன் வேடத்துக்கு நான்கு ஜோடி மாற்றிப் பார்த்த அனுபவம்

"அண்ணா, கவசம் முடிஞ்சிருச்சு, கையுறை மட்டும்தான் பாக்கி" என்று தம்பி சொன்னபோது ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு மாதம் ஆனது. நான்கு ஜோடி வாங்கி, மூன்றை ஒதுக்கி, நான்காவதைத் திருப்பிப் போட்டு, வெட்டி, தகடு ஒட்டி, அதற்கு அப்புறம்தான் அவன் கண்ணாடி முன்னால் நின்று "இதுதான்" என்றான். அந்த மூன்றும் ஏன் சரிப்படவில்லை, நான்காவது எப்படிச் சரிப்பட்டது என்பதை முழுதாக எழுதுகிறேன். கவச வேடம் கட்டுகிறவர்கள் ஹெல்மெட்டுக்கும் மார்புத் தகட்டுக்கும் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, கையுறையைக் கடைசி நாளில் கிடைத்ததை வைத்து முடித்துவிடுகிறார்கள். உடம்பில் மற்ற எல்லாம் கட்டிவைத்த மாதிரி நிற்க, ஓயாமல் அசைவது கை ஒன்றுதான். பார்க்கிறவர்கள் கண்ணும் அங்கேதான் போகும்.

வேடம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் ஸ்டார்ம்ட்ரூப்பர். 1980, 1983 படங்களிலும் அதே வெள்ளைக் கவசம் வருகிறது, ஆனால் விவரங்களில் வித்தியாசம் உண்டு. 1977 படத்துக்குள்ளேயே ஸ்டண்ட், ஹீரோ என்று இரண்டு விதம்; ஹீரோ ஹெல்மெட்டில் கண் பகுதிக் கண்ணாடி குமிழ் மாதிரி புடைத்திருக்கும், ஸ்டண்டில் தட்டையாக இருக்கும். தம்பி கட்டியது ஸ்டண்ட். ஏபிஎஸ் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, வெற்றிடத்தில் அச்சின் மேல் உறிஞ்சவைத்து வார்த்த துண்டுகள். உள்ளே உடம்போடு ஒட்டிய கறுப்பு ஆடை, மேலே வெள்ளைத் துண்டுகள், கையில் கறுப்பு ரப்பர் கையுறை, புறங்கையில் ஒரு சின்ன வெள்ளைத் தகடு. அந்தத் தகடு கவசத்தின் மற்ற பாகங்களைப் போலக் கெட்டிப் பிளாஸ்டிக் இல்லை, வளைகிற லேடெக்ஸ் (ரப்பர் பாலில் செய்தது). இந்த ஒரு விவரம் பின்னால் ரொம்ப முக்கியமாகப் போகிறது.

ஆதாரப் படங்கள்

திரையில் பார்த்த மாதிரியே வேண்டும் என்று சொல்வது சுலபம். எந்தத் திரை என்பதுதான் கேள்வி. இந்தப் படம் 1997, 2004, 2011 என்று ஒவ்வொரு மறுவெளியீட்டிலும் நிறமும் வெளிச்சமும் திருத்தப்பட்டு வந்திருக்கிறது. ஒரே காட்சியில் கையுறை ஒரு பதிப்பில் நீலம் கலந்த கறுப்பாகவும் இன்னொன்றில் பழுப்பு ஓடிய கறுப்பாகவும் தெரிகிறது. அதனால் சட்டகத்தை நிறுத்திவைத்துக் கறுப்பின் சாயலைத் தேடுவதில் பயனில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். போதாததற்கு நொடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தில் அசைகிற கை மங்கலாகத்தான் பதிந்திருக்கும். படப்பிடிப்பில் எடுத்த ஸ்டில்கள்தான் உதவின. அவற்றிலிருந்து நாங்கள் குறித்துக்கொண்டவை கொஞ்சம்தான்: விரலில் தையல் கோடு தெரியவில்லை, மடிப்புகள் அகலமாக, சதைப்பற்றோடு விழுகின்றன, மினுமினுப்பு மங்கலாக ஆனால் நிச்சயமாக இருக்கிறது, மணிக்கட்டில் தோல் தெரியவில்லை.

முதல் ஜோடியை வாங்கும்போது இந்தக் குறிப்பு எங்கள் கையில் இருந்தது. இருந்தும் தவறான ஜோடியைத்தான் வாங்கினோம். காரணம், கையுறையை விற்கிற படங்கள் எல்லாமே விரித்த கையைக் காட்டுகின்றன. மேஜையில் தட்டையாக வைத்துப் பார்த்தால் எல்லாக் கறுப்புக் கையுறையும் ஒன்று போலத்தான் இருக்கும். படத்தில் வரும் வீரனோ கையை விரித்து நிற்பதே அபூர்வம், எப்போதும் பிளாஸ்டர் (blaster) என்ற துப்பாக்கியைப் பிடித்த கை. பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் சப்மெஷின் துப்பாக்கியின் மேல் கட்டிய அந்த ஆயுதத்தில் கைப்பிடி மெலிதாக, கொஞ்சம் சாய்ந்து இருக்கும். அதைச் சுற்றி விரல் மடங்கும்போதுதான் ஒவ்வொரு கையுறையும் எதனால் ஆனது, எப்படிச் செய்தது என்பதெல்லாம் வெளியே வருகிறது. இந்த முழு அனுபவத்திலும் நான் கற்றது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது: ஆதாரப் படத்தோடு ஒப்பிடுவதாக இருந்தால் ஆயுதத்தைப் பிடித்த மூடிய கையை ஒப்பிடுங்கள்.

ஒதுக்கிய மூன்று

முதலாவது ஆட்டுத்தோல் கையுறை. போடச் சுகமாக இருந்தது, விரல் நன்றாக மடங்கியது, கவசத்தோடு பார்த்தால் கம்பீரமாகவும் இருந்தது. ஆனால் விரலின் இரண்டு பக்கமும் தனிப் பட்டை வைத்துத் தைத்திருந்தார்கள், புறங்கையில் முட்டியிலிருந்து மணிக்கட்டை நோக்கி ஓடும் மூன்று அலங்காரத் தையல் கோடுகள் வேறு. கையை மடக்கியதும் அந்தக் கோடுகள் இழுபட்டு வெளிச்சத்தைப் பிடித்தன. அதோடு தோலின் சுருக்கம் மெல்லிய மெல்லிய ரேகைகளாக விழும். ரப்பர் அப்படி இல்லை, இரண்டு மூன்று கனமான மடிப்பாக விழும். பத்தடி தள்ளி நின்றே இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. தம்பிக்கு மனசில்லாமல் ஒரு வாரம் அதையே வைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது, ரசாயன வேலைக்குப் போடும் தடித்த ரப்பர் கையுறை. உள்ளே பஞ்சு மாதிரி மென்தூவல் ஒட்டியது. மடிப்பு சரியாக வந்தது, மினுமினுப்பும் கிட்டத்தட்ட வந்தது. ஆனால் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் வழுக்காமல் இருக்க வைர வடிவப் பொறிப்பு இருந்தது. விரித்த கையில் அது கீழ்ப்பக்கம் மறைந்திருக்கும். கைப்பிடியைப் பிடித்தால் விரல் நுனிகள் சுற்றி வந்து அந்தப் பொறிப்பைத்தான் வெளியே காட்டும். புறங்கையில் அளவு எண்ணும் பாதுகாப்புத் தரக் குறிகளும் வெள்ளையில் அச்சாகியிருந்தன. இந்த மாதிரி வேடம் கட்டுகிறவர்களின் அமைப்பான 501வது லீஜன் 1997இலிருந்து இயங்குகிறது. ஒவ்வொரு வேடத்துக்கும் அவர்கள் விதிப்புத்தகம் வைத்திருக்கிறார்கள், வெளியே தெரியும் லோகோவும் எழுத்தும் அங்கே செல்லாது. அச்சை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தால் போகும் என்று ஒருவர் சொன்னார். போனது, ஆனால் துடைத்த இடம் மட்டும் வேறு மாதிரி மங்கியது. இங்கே ஒரு எச்சரிக்கை: அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். கவசத் துண்டு அதே மேஜையில் இருந்தால் முதலில் அதை எடுத்து வேறு அறையில் வையுங்கள்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய இயற்கை லேடெக்ஸ், நகமும் மோதிரமும் வெளியே புடைத்துத் தெரிந்தன, இரண்டாவது முறை போடும்போது கட்டைவிரல் இடுக்கில் கிழிந்தது. ஆனால் அதை ஒதுக்க வேறொரு காரணமும் இருந்தது, அதை எல்லோரும் யோசிக்க வேண்டும். இயற்கை லேடெக்ஸில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாது, சிலருக்குக் கடுமையாகவே ஒவ்வாது. இந்த வேடத்தில் போகிறவனிடம் குழந்தைகள் ஓடி வந்து கை கொடுப்பார்கள். அவர்களில் யாருக்கு ஒவ்வாமை என்று ஹெல்மெட்டுக்குள் இருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் குழந்தையின் கை படும் கையுறையில் இயற்கை லேடெக்ஸ் வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன், அவனும் உடனே ஒத்துக்கொண்டான்.

அளவு விஷயம்

நாலாவதை வாங்குவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒழுங்காக அளந்தோம். வேலைக் கையுறைகளின் எண் ஒன்றும் மர்மம் இல்லை. கட்டைவிரலை விட்டுவிட்டு முட்டிகளைச் சுற்றி நாடா பிடித்தால் வரும் அங்குலம்தான் அது. ஐரோப்பியத் தர அட்டவணையில் 8ஆம் எண் என்றால் சுற்றளவு 203 மி.மீ., கையின் நீளம் 182 மி.மீ.; 9 என்றால் 229, 192. தம்பிக்கு 216, 188. இரண்டுக்கும் நட்டநடுவில்.

இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலோர் இறுக்கமாக இருந்தால் அழகு என்று சின்னதை எடுப்பார்கள். நாங்கள் அதையும் மூடிய கையில் சோதித்தோம். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை புறங்கைப் பக்கமாக நாடாவை ஒட்டி அளந்துவிட்டு, முஷ்டியை மூடி அதே தூரத்தை மறுபடி அளந்தால் கிட்டத்தட்ட 3 செ.மீ. கூடியிருந்தது. மூட்டு மடங்கும்போது வெளிப்பக்கம் நீளும், அவ்வளவுதான். கையுறை இறுக்கமாக இருந்தால் அந்த 3 செ.மீ.யை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும், அது மணிக்கட்டிலிருந்துதான் எடுக்கும். கையுறையின் வாய் முன்கைக் கவசத்துக்குள்ளிருந்து நழுவி வெளியே வரும், அப்புறம் ஒவ்வொரு முறை துப்பாக்கியைத் தூக்கும்போதும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு கீற்றுத் தோல் தெரியும். இரண்டாவது ஜோடியில் எங்களுக்கு நடந்தது இதேதான், அப்போது காரணம் புரியாமல் முன்கைக் கவசத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆகவே 9. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று போட்டால் மிச்ச இடம் நிரம்பிவிடும், வியர்வையும் அதில் போகும்.

நான்காவது

உள்ளே துணியோ தூவலோ இல்லாத நியோப்ரீன் கையுறை, 35 செ.மீ. நீளம், 9ஆம் எண். நியோப்ரீன் செயற்கை ரப்பர், அதனால் லேடெக்ஸ் புரதப் பிரச்சினை இல்லை. வெயிலிலும் ஓசோனிலும் இயற்கை ரப்பர் சீக்கிரம் வெடிக்கிற மாதிரி இது வெடிக்காது. இதிலும் விரல்களில் பொறிப்பு இருந்தது, வெளியே அச்சும் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பி சட்டென்று உள்புறத்தை வெளியே திருப்பினான். உள்ளே ஒட்டியது எதுவும் இல்லாததால் சுத்தமான கறுப்பு ரப்பர். இடதைத் திருப்பினால் வலது ஆகிறது, வலது இடதாகிறது, ஜோடி ஜோடியாகவே இருக்கிறது. அச்சு உள்ளே போய்விட்டது. பொறிப்பும் உள்ளே போய், வெளியே உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் மங்கலான தடமாக மாறியது. எல்லாவற்றையும் விட நல்ல விஷயம், உட்புறம் வெளிப்புறத்தைவிட மங்கலான மினுமினுப்போடு இருந்தது, நாங்கள் ஸ்டில்களில் பார்த்துக் குறித்துவைத்த அதே மாதிரி. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மினுமினுப்புக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. வெள்ளைக் கவசத்தைப் படம் பிடிக்கும்போது கேமரா வெள்ளை வெளுத்துப் போகாமல் இருக்க வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்திலிருக்கும் கறுப்பு அப்போது அப்படியே இருளில் மூழ்கிவிடும். கையுறையில் மிஞ்சுவது மடிப்பின் விளிம்பில் ஓடும் வெளிச்சக் கோடு மட்டும்தான். ஆக, புகைப்படத்தில் கையுறை என்று நாம் பார்ப்பது அந்தக் கோடுகளைத்தான். கறுப்பு எந்தக் கறுப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களிடம் நான் சொல்வது, ஒரு போன் கேமராவில் கவசத்தோடு சேர்த்துப் படம் எடுத்துப் பாருங்கள், சாயல் எல்லாம் கரைந்துவிடும், மினுக்கமும் மடிப்பும் மட்டும் நிற்கும்.

நீளத்தை 35இலிருந்து 29 செ.மீ.க்கு வெட்டினோம். முழு நீளமும் இருந்தால் கையுறை முன்கைக் கவசத்துக்குள்ளே பாதி தூரம் போகும், வியர்வை அங்கேயே தேங்கும், அதைவிட முக்கியமாக, கவசத்தைக் கழற்றாமல் கையுறையைக் கழற்ற முடியாது. தண்ணீர் குடிக்கவோ ஹெல்மெட் பட்டையைத் தளர்த்தவோ அவசரமாக வேண்டும் என்றால் கையுறை ஒரே இழுப்பில் வர வேண்டும். 29 என்றால் கவசத்துக்குள் நாலு ஐந்து செ.மீ. நிற்கும், முஷ்டியின் 3 செ.மீ. போனாலும் மிச்சம் இருக்கும். வெட்டும்போது கத்தரிக்கோல் வேண்டாம். அது பல்பல்லாக ஓரத்தை விடும், ரப்பரில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் கிழிசல் அங்கிருந்துதான் ஓட ஆரம்பிக்கும். உள்ளே ஒரு பாட்டிலைச் செருகி, சுற்றிலும் டேப் ஒட்டி அளவு பிடித்து, புது பிளேடால் ஒரே சுற்றில் வெட்டினோம்.

புறங்கைத் தகடு

பாதி நேரத்தைத் தின்றது இதுதான். கவசத் துண்டுகளோடு வந்த தகடு ஏபிஎஸ். கெட்டி. விரித்த கையில் ஒட்டினால் பளிச்சென்று உட்காரும், கையை மூடினால் புறங்கை வளைந்து தகடு மட்டும் நேராக நிற்க, ஓரங்கள் எழும்பி நடுவில் இடைவெளி தெரியும். நாலைந்து முறை மூடித் திறந்தால் பசையே விட்டுவிடும். படத்தில் தகடு லேடெக்ஸில் இருந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை, கையோடு வளைய வேண்டும் என்றால் கெட்டிப் பொருள் எதுவும் சரிவராது.

குழந்தைகளுக்காக லேடெக்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தகட்டை மட்டும் லேடெக்ஸில் செய்யலாமா என்று எங்களுக்குள்ளேயே விவாதம் வந்தது. கை கொடுக்கும்போது படுவது உள்ளங்கையும் விரலும், தகடு புறங்கையில் இருக்கிறது என்று தம்பி சொன்னான். குழந்தைகள் எங்கே தொடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது என்று நான் சொன்னேன். கடைசியில் வளைகிற யூரேத்தேன் ரப்பரில் வார்த்தோம். திரையில் தெரிவது வளைவும் வடிவமும், அது லேடெக்ஸா யூரேத்தேனா என்று எந்தக் கேமராவும் சொல்லாது. 501வது லீஜன் விதிப்புத்தகத்தின் இன்னும் கண்டிப்பான உயர்ந்த நிலைக்குப் போக நினைப்பவர்கள் மட்டும் பொருளைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வெள்ளை நிறமியை ரப்பரிலேயே கலந்து வார்த்ததால் மேலே பெயின்ட் வேண்டியிருக்கவில்லை. சாதாரண அக்ரிலிக் பெயின்ட் வளைகிற ரப்பரில் சீக்கிரமே விரிசல் விட்டு உதிரும், எனவே நிறத்தை உள்ளேயே வைப்பதுதான் நிம்மதி.

ஒட்டும் விஷயத்தில் நாங்கள் மூன்று தவறு செய்துதான் கற்றோம். சூப்பர் குளூ காய்ந்ததும் கண்ணாடி மாதிரி கெட்டியாகிறது, அதன் ஓரத்தில் ரப்பர் மடங்கி மடங்கி அங்கேயே பிளக்கிறது. ஹாட் குளூ வழவழப்பான ரப்பரில் ஒரு பெயருக்குப் பிடித்து, உரித்தால் முழுதாக வந்துவிடுகிறது. காண்டாக்ட் சிமென்ட் என்ற பசை பிடித்தது, ஆனால் முதல் முறை அதுவும் விட்டது, ஏனென்றால் நாங்கள் கையுறையைக் கழுவவில்லை. புது ரப்பர் மேல் தூளும் வழவழப்பும் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, ஒட்டும் இடத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் பசை பூசி, தொட்டால் கையில் ஒட்டாத நிலைக்கு வரும்வரை காத்திருந்து, அப்புறம் அழுத்தினால் அந்த நொடியே பிடித்துக்கொள்ளும். நகர்த்த முடியாது, அதனால் இடத்தை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், ஆவி தலையைச் சுற்ற வைக்கும்.

ஒட்டும்போது கையுறை விரிந்திருக்கக் கூடாது. இதைத் தடித்த எழுத்தில் எழுதவேண்டும் போல இருக்கிறது. துப்பாக்கியைப் பிடித்த மாதிரி பாதி மூடிய நிலையில் ஒட்ட வேண்டும், அதுவும் தகட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டை மட்டும். ஓரங்கள் சும்மா இருக்கட்டும். அப்போதுதான் மூடும்போது தகடு இயல்பாக உட்காரும், விரிக்கும்போது ஓரம் லேசாக நகர்ந்து இடம் கொடுக்கும். பசை பூசிய கையுறையைப் போட்டுக்கொண்டு நிற்பது கஷ்டம் என்பதால் ஒரு கை மாதிரி செய்துகொண்டோம்: ஒதுக்கிய மூன்றாவது ஜோடியில் கிழியாத கையுறையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, இறுகும் முன் விரல்களை ஒரு குழாயைச் சுற்றி வளைத்துக் கட்டி வைத்தோம். தயவுசெய்து யாரும் உங்கள் சொந்தக் கையைப் பிளாஸ்டருக்குள் விட்டு இதைச் செய்யாதீர்கள். அது இறுகும்போது சூடாகும், கெட்டியான கட்டிக்குள் கை மாட்டிக்கொண்டால் கடுமையான தீப்புண் வரும்.

போட்டுப் பார்த்தது

வீட்டில் முழுக் கவசத்தோடு நாலு மணி நேரம் நிற்கவும் நடக்கவும் வைத்தேன். முதல் ஒரு மணி நேரம் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் பருத்தி உள்கையுறை நனைந்துவிட்டது, ஈரத்தில் விரல் நுனி சுருங்க ஆரம்பித்தது. மாற்று உள்கையுறை இரண்டு ஜோடி கூடவே வைத்துக்கொள்வது என்று அப்போது முடிவானது, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு ஜோடி. வெளிக் கையுறை வெட்டிய நீளத்தில் ஒரே இழுப்பில் வந்தது. விரல் ஆயுதத்தின் விசையைச் சுற்றிய வளையத்துக்குள் நுழைந்தது, இரண்டாவது ஜோடியில் நுழையவே இல்லை. ஹெல்மெட்டை மட்டும் அவனால் தானே சரிசெய்ய முடியவில்லை. தடித்த ரப்பர் விரலால் உள்ளே உள்ள பட்டையைத் தொட்டு உணர முடியாது, அதற்குக் கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம்.

அணியும் வரிசையும் அன்றுதான் படிந்தது. உள்ளாடை, கால், இடுப்பு, மார்பு, தோள், முன்கைக் கவசம், ஹெல்மெட், கடைசியில் கையுறை. கையுறையின் வாயை முன்கைக் கவசத்துக்குள் திணிக்கும் வேலையை நான் செய்கிறேன், அவன் அப்போது முஷ்டியை மூடி வைத்திருக்க வேண்டும், விரித்து வைத்தால் அளவு தப்பும்.

இதுவரை ஆறு முறை போட்டாயிற்று. வலது கையில் தகட்டின் ஒரு ஓரம், கட்டைவிரல் பக்கம், லேசாக எழும்பியிருக்கிறது. பட்டையை அரை செ.மீ. அகலமாக்கி மறுபடி ஒட்டப் போகிறோம். இடது கை அப்படியே இருக்கிறது. கழற்றியதும் உள்ளும் புறமும் கழுவி, நிழலில் காயவைத்து, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, மடிக்காமல் அந்தப் பிளாஸ்டர் கையின் மேலேயே மாட்டி வைக்கிறோம்.